கரும்பொருளும் பிடிபடாத துகள்களும்: வாசகர் கேள்வி – பதில்

கரும்பொருள் எதனால் ஆனது, இன்னும் கண்டுபிடிக்கப்படாத அடிப்படைத் துகள்களை அதனோடு ஏன் சேர்த்துப் பேசுகிறார்கள் என்று வாசகர்கள் கேட்ட கேள்விகளில் சில.

கேள்வி: கேலக்ஸிகளில் கண்ணுக்குத் தெரியாத நிறை இருக்கிறது, சரி. அது குளிர்ந்த வாயுவாகவோ, அணைந்துபோன விண்மீன்களாகவோ, கருந்துளைகளாகவோ இருக்கக் கூடாதா? எடுத்த எடுப்பில் ‘புதிய துகள்’ என்று ஏன் சொல்ல வேண்டும்?

பதில்: எடுத்த எடுப்பில் யாரும் சொல்லவில்லை. கோமா கேலக்ஸிக் கொத்தில் கேலக்ஸிகள் ஓடும் வேகத்துக்கு, கண்ணுக்குத் தெரியும் நிறை போதாது, கணக்கு உதைக்கிறது என்று ஃபிரிட்ஸ் ஸ்விக்கி 1933-இல் காட்டினார். 1970-இல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமீடாவின் சுழற்சியை அளந்தார்கள். அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் நீங்கள் சொல்லும் பட்டியலைத்தான் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தார்கள்.

சூடான வாயு எக்ஸ் கதிரில் ஒளிரும். குளிர்ந்த வாயு ரேடியோ அலையில் தன்னைக் காட்டிக்கொடுக்கும். இரண்டையும் அளந்தாயிற்று, போதவில்லை. அணைந்த விண்மீன்களைப் பிடிக்க மெகல்லன் மேகங்கள் என்ற அண்டைக் கேலக்ஸிகளின் லட்சக்கணக்கான விண்மீன்களைப் பல ஆண்டுகள் கண்காணித்தார்கள். இருண்ட உருண்டை ஒன்று குறுக்கே போனால், அதன் ஈர்ப்பு ஒரு லென்ஸ் போல் செயல்பட்டுப் பின்னாலிருக்கும் விண்மீன் சில நாட்களுக்குப் பிரகாசமாகும். அப்படிப் பிரகாசமானவை மிகக் கொஞ்சமே. பூமியின் நிறையிலிருந்து சூரியனின் நிறை வரையுள்ள உருண்டைகளால் கரும்பொருள் முழுவதையும் நிரப்ப முடியாது. பிரபஞ்சத்தின் தொடக்கத்திலேயே உருவான, சிறுகோள் அளவு நிறையுள்ள ஆதிக் கருந்துளைகள் மட்டும் இன்னும் மிஞ்சியிருக்கின்றன; அந்தக் கதவு மூடப்படவில்லை.

என்னைக் கேட்டால், இவற்றையெல்லாம்விட வலுவான சாட்சிகள் இரண்டு உண்டு. முதலாவது டியூட்டீரியம் என்ற கனமான ஹைட்ரஜன். பெருவெடிப்புக்குப் பின் முதல் சில நிமிடங்களில் அது உருவானது. சாதாரணப் பொருள் அடர்த்தியாக இருந்திருந்தால் அது மேலும் எரிந்து ஹீலியமாகியிருக்கும். இன்று 10 லட்சம் ஹைட்ரஜன் அணுக்களுக்குச் சுமார் 25 டியூட்டீரியம் இருக்கிறது. இந்த எண்ணிக்கை மிஞ்ச வேண்டுமானால் அணுக்களால் ஆன பொருள் பிரபஞ்சத்தின் ஆற்றலில் ஏறத்தாழ 5 சதவீதமே இருக்க முடியும். கரும்பொருளோ சுமார் 27 சதவீதம். மீதி 68 சதவீதம் கரும் ஆற்றல், அது வேறு கதை.

இரண்டாவது சாட்சியைத் தாளும் பேனாவும் எடுத்து நீங்களே சரிபார்க்கலாம். பெருவெடிப்புக்கு 3,80,000 ஆண்டுகளுக்குப் பின் கிளம்பி இன்றும் வானமெங்கும் பரவியிருக்கும் பழைய ஒளியான நுண்ணலைப் பின்னணியில் வெப்பநிலையின் ஏற்ற இறக்கம் லட்சத்தில் ஒரு பங்கு. அன்றிலிருந்து பிரபஞ்சம் சுமார் 1,100 மடங்கு விரிந்திருக்கிறது. அடர்த்தியின் ஏற்ற இறக்கமும் அதிகபட்சம் அந்த அளவுதான் வளர முடியும். பெருக்கினால் ஒரு சதவீதம் வருகிறது. ஒரு சதவீத மேடுபள்ளத்தில் கேலக்ஸி திரளாது. ஒளியோடு ஒட்டாத ஏதோ ஒன்று, அணுக்கள் ஒளியின் பிடியில் சிக்கியிருந்த காலத்திலேயே, தனியாகக் குவியத் தொடங்கியிருக்க வேண்டும். நமக்குத் தெரிந்த 17 அடிப்படைத் துகள்களில் அப்படி நடந்துகொள்ளக்கூடியது எதுவும் இல்லை. புதிய துகள் என்ற பேச்சு அங்கேதான் பிறக்கிறது.

கேள்வி: துகளே வேண்டாம், ஈர்ப்பு விதியைத் திருத்திவிட்டால் என்ன?

பதில்: 1983-இல் இயற்பியலாளர் மில்க்ரோம் முன்வைத்த திருத்தம் தனிக் கேலக்ஸிகளின் சுழற்சிக்கு வியக்கத்தக்க அளவு பொருந்துகிறது. அதை அலட்சியமாக ஒதுக்கக் கூடாது. ஆனால் கேலக்ஸிக் கொத்துகளுக்கு வரும்போது அது திணறுகிறது. ‘புல்லட்’ கொத்தில் இரண்டு கொத்துகள் ஒன்றையொன்று ஊடுருவிச் சென்றிருக்கின்றன. மோதிய வாயு நடுவில் தேங்கி நிற்கிறது, எக்ஸ் கதிரில் தெரிகிறது. சாதாரணப் பொருளில் பெரும்பங்கு அந்த வாயுதான். 2006-இல் ஈர்ப்பு வில்லை விளைவைக் கொண்டு நிறை எங்கே இருக்கிறது என்று வரைந்து பார்த்தபோது, அது வாயு இருக்கும் இடத்தில் இல்லை. கேலக்ஸிகளோடு சேர்ந்து இரு பக்கமும் முன்னேறிப் போயிருந்தது. வாயுவை விட்டுப் பிரிந்து போகக்கூடிய ஒரு பொருள் அங்கே இருக்கிறது என்பதே இதற்கு நேரான விளக்கம்.

கேள்வி: நியூட்ரினோவுக்கு நிறை உண்டு, மின்சுமை இல்லை, எதையும் துளைத்துக்கொண்டு போகும். கையிலேயே இருக்கும் அதை விட்டுவிட்டு ஏன் வேறெங்கோ தேடுகிறார்கள்?

பதில்: முதலில் எடையைப் பாருங்கள். கரும்பொருளின் அளவை நியூட்ரினோக்கள் மட்டுமே நிரப்ப வேண்டுமானால் மூன்று வகைகளின் நிறையும் சேர்ந்து சுமார் 11 எலெக்ட்ரான்வோல்ட் (துகள்களின் நிறையையும் ஆற்றலையும் அளக்கும் அலகு) வர வேண்டும். ஜெர்மனியின் காட்ரின் பரிசோதனை 2025-இல் வெளியிட்ட மேல் வரம்பு ஒவ்வொன்றுக்கும் 0.45. மூன்றையும் கூட்டினாலும் 1.35 தான். தேவையில் எட்டில் ஒரு பங்கு.

வேகமும் இடிக்கிறது. இளம் பிரபஞ்சத்தில் நியூட்ரினோக்கள் ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் ஓடின. அப்படி ஓடுபவை சிறிய குவியல்களைக் கலைத்துவிடும். அந்த நிலையில் பெரிய கொத்துகள் முதலில் பிறந்து பிறகு கேலக்ஸிகளாக உடைய வேண்டும். வானத்தில் நாம் காண்பது தலைகீழ்: கேலக்ஸிகள் முதலில், கொத்துகள் பின்னர்.

இதனால்தான் ‘மலட்டு நியூட்ரினோ’ என்ற நான்காவது வகை பேசப்படுகிறது. நிறை சில கிலோ எலெக்ட்ரான்வோல்ட் (இனி கே.இ.வி.) இருக்கலாம், வலுவற்ற விசைகூட அதை நேரடியாகத் தொடாது. மிக அரிதாக அது சிதையும்போது தன் நிறையில் சரிபாதி ஆற்றலுள்ள எக்ஸ் கதிரை உமிழும். 2014-இல் கேலக்ஸிக் கொத்துகளில் 3.5 கே.இ.வி. ஆற்றலில் ஒரு மங்கலான கோடு தென்பட்டபோது, 7 கே.இ.வி. நியூட்ரினோ கிடைத்துவிட்டதோ என்ற பரபரப்பு எழுந்தது. 2016-இல் ஹிட்டோமி விண்கலம் பெர்சியஸ் கொத்தை இன்னும் நுட்பமாகப் பார்த்தது. எதிர்பார்த்த பலத்தில் கோடு இல்லை.

கேள்வி: துகள் கிடைக்கவில்லை என்றால் இன்னொரு துகளைக் கற்பனை செய்கிறார்கள். இதற்கு எல்லையே இல்லையா?

பதில்: எல்லை உண்டு, அதுவும் நெருக்கமான எல்லை. மின்சுமை இருக்கக் கூடாது; இருந்தால் ஒளியை உமிழும், சிதறடிக்கும். வாழ்நாள் பிரபஞ்சத்தின் 1,380 கோடி ஆண்டு வயதைவிட மிக அதிகமாக இருக்க வேண்டும். கனமான துகள்கள் இலேசான துகள்களாகச் சிதைவதே இயல்பு என்பதால், சிதையவிடாமல் தடுக்கும் விதி ஒன்றும் அந்தக் கோட்பாட்டிலேயே இருந்தாக வேண்டும். தன் இனத்தோடு பலமாக மோதவும் கூடாது. மோதியிருந்தால் புல்லட் கொத்தில் வாயுவைப் போல் அதுவும் நடுவில் தேங்கியிருக்கும். இவற்றையெல்லாம் தாண்டிய பிறகு, மிகக் கடினமான சோதனை இருக்கிறது: இன்று மிஞ்சியிருக்கும் அளவு சரியாக வர வேண்டும்.

அந்தக் கணக்கு இப்படிப் போகும். சூடான இளம் பிரபஞ்சத்தில் கரும்பொருள் துகள்கள் ஜோடி ஜோடியாகப் பிறக்கின்றன, ஜோடி ஜோடியாக அழிகின்றன. வெப்பம் குறையும்போது புதிய ஜோடிகள் பிறப்பது நின்றுபோகும். அழிவு மட்டும் தொடரும். துகளின் நிறைக்குரிய ஆற்றலில் இருபதில் ஒரு பங்கு அளவுக்கு வெப்பம் இறங்கும்போது, பிரபஞ்சம் விரியும் வேகத்தில் ஒரு துகள் இன்னொன்றைச் சந்திப்பதே அபூர்வமாகிவிடும். எண்ணிக்கை அப்படியே உறைந்துவிடும். பலமாக வினைபுரியும் துகள் கடைசி வரை அழிந்துகொண்டே இருக்கும், கொஞ்சம்தான் மிஞ்சும். பலவீனமானது அதிகம் மிஞ்சும். இன்றைய அளவு மிஞ்ச வேண்டுமென்றால், அழிவின் குறுக்குப் பரப்பையும் (மோதும் வாய்ப்பைப் பரப்பாகச் சொல்லும் அளவு) வேகத்தையும் பெருக்கிய மதிப்பு விநாடிக்குச் சுமார் 3 × 10-இன் மைனஸ் 26-ஆம் அடுக்கு கன சென்டிமீட்டராக இருக்க வேண்டும். வலுவற்ற விசையில் பங்கேற்கும், புரோட்டானைப் போல் நூறு மடங்கு கனமான துகளுக்கு வரும் மதிப்பும் ஏறக்குறைய அதுவே. சூப்பர்சிமெட்ரி என்ற கோட்பாடு முற்றிலும் வேறொரு சிக்கலுக்காக, ஹிக்ஸ் துகளின் நிறை ஏன் எகிறவில்லை என்பதற்காக, இதே போன்ற துகளை ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்தது. இப்படி வலுவற்ற விசையில் மட்டும் பங்கேற்கும் கனமான துகளுக்கு ‘விம்ப்’ என்று பெயர்; இந்த ஒற்றுமையைத்தான் ‘விம்ப் அதிசயம்’ என்பார்கள்.

ஒரு கோட்பாட்டை எடைபோட நான் பயன்படுத்தும் அளவுகோலும் இதுவே. கரும்பொருளுக்காக மட்டுமே தைத்த துகளைவிட, வேறொரு கேள்விக்குப் பதிலாகப் பிறந்து, பிறகு கரும்பொருளுக்கும் பொருந்துகிற துகள் மதிப்பு வாய்ந்தது. ஏனென்றால் அதன் குணங்களை நம் வசதிக்கு வளைக்க முடியாது. எங்கே தேட வேண்டும், எங்கே இல்லையென்றால் அது தோற்றது என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கலாம்.

கேள்வி: இப்போது இந்த அறையில் எத்தனை கரும்பொருள் துகள்கள் இருக்கும்?

பதில்: சூரியனுக்கு அருகே கரும்பொருளின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு சுமார் 0.3 ஜிகா எலெக்ட்ரான்வோல்ட் (ஜி.இ.வி.). ஒரு புரோட்டான் 0.94 ஜி.இ.வி.; அதாவது மூன்று கன சென்டிமீட்டருக்கு ஒரு புரோட்டான் எடை. ஒரு லிட்டருக்கு 300 ஜி.இ.வி. ஆகிறது. துகளின் நிறை 100 ஜி.இ.வி. என்று வைத்துக்கொண்டால் லிட்டருக்கு மூன்று துகள். உங்கள் உடலின் கொள்ளளவு 60 லிட்டர் என்றால் எந்த நொடியிலும் 180 துகள்கள் உள்ளே இருக்கும், ஆனால் தங்காது. நாம் பால்வீதியைச் சுற்றும் வேகம் விநாடிக்கு சுமார் 230 கி.மீ. இதைப் பெருக்கினால், கட்டைவிரல் நகம் அளவான ஒரு சதுர சென்டிமீட்டரை விநாடிக்கு ஏறத்தாழ 70 ஆயிரம் துகள்கள் கடந்து போகின்றன. பூமியின் முழுக் கன அளவிலும் இருக்கும் கரும்பொருளைத் திரட்டி எடை போட்டால் அரைக் கிலோவுக்குச் சற்று மேல்.

துகள், இன்னொரு வேட்பாளரான மிக மிக இலேசான ஆக்ஸியானாக (அதன் கதை பின்னால் வரும்) இருந்தால் படமே மாறிவிடும். 4 மைக்ரோ எலெக்ட்ரான்வோல்ட் நிறைக்கு ஒரு கன சென்டிமீட்டரில் சுமார் 75 லட்சம் கோடி! அந்த நிலையில் அது தனித்தனித் துகளாக மோதுவதில்லை, அலையாக நடந்துகொள்கிறது. அதனால் பிடிக்கும் கருவியும் வேறு.

கேள்வி: தரைக்கு அடியில் செனான் தொட்டி வைத்துக் காத்திருக்கிறார்களே, அதற்குள் உண்மையில் என்ன நடக்கிறது? எதைக் கண்டால் ‘இது கரும்பொருள்’ என்பார்கள்?

பதில்: அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில், பழைய தங்கச் சுரங்கம் ஒன்றில், சுமார் 1,480 மீட்டர் ஆழத்தில் இயங்கும் எல்.இசட். கருவியை எடுத்துக்கொள்வோம். 10 டன் செனான். அதில் 7 டன் செயல்படும் பகுதி. மைனஸ் 100 டிகிரி செல்சியஸ் அருகே செனான் திரவமாக இருக்கும். மேலும் கீழும் 494 ஒளிப்பெருக்கிக் குழாய்கள்.

100 ஜி.இ.வி. துகள் ஒன்று செனான் அணுக்கருவில் நேருக்கு நேர் மோதினால் அணுக்கரு பெறும் ஆற்றல் சுமார் 30 கே.இ.வி. பாறையிலிருந்து வரும் ஒரு காமா கதிரின் ஆற்றலில் நூறில் சில பங்குதான். உதைபட்ட அணுக்கரு அண்டை அணுக்களை இடித்து, சில பத்து நானோவிநாடிக்குள் 175 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒரு புற ஊதா மின்னலைத் தருகிறது. இது முதல் சிக்னல். அதே இடத்தில் சில எலெக்ட்ரான்களும் பிய்ந்து வருகின்றன. மின்புலம் அவற்றை விநாடிக்கு ஒன்றரை கி.மீ. வேகத்தில் மேலே இழுக்கிறது. திரவத்தின் மேற்பரப்பைத் தாண்டி வாயுப் பகுதிக்குள் அவை பாயும்போது இரண்டாவது, இன்னும் பெரிய மின்னல். இரண்டுக்கும் இடையிலான நேரம் ஆழத்தைச் சொல்லும். மேலே எந்தக் குழாய் அதிகம் பார்த்தது என்பது குறுக்குவாட்டு இடத்தைச் சொல்லும். தொட்டியின் அடியில் நடந்த மோதலுக்கு இந்த இடைவெளி ஆயிரத்தில் ஒரு விநாடிக்குச் சற்றுக் குறைவு.

இரண்டாவது மின்னலை முதல் மின்னலால் வகுத்தால் கிடைக்கும் விகிதம்தான் சாவி. பீட்டா, காமா கதிர்கள் எலெக்ட்ரானை அடிக்கும். அப்போது விகிதம் அதிகம். விம்ப் அணுக்கருவை அடிக்கும், விகிதம் குறைவு. அணுக்கருவை அடிக்கும் இன்னொரு ஆள் நியூட்ரான், அதுதான் மிக ஆபத்தான போலி. ஆனால் நியூட்ரான் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் மோதும். விம்ப் இரண்டாவது முறை மோதுவதற்கு வாய்ப்பே இல்லை. தொட்டியைச் சுற்றி கடோலினியம் கலந்த 17 டன் ஒளிர்திரவம் இருக்கிறது. தப்பி ஓடும் நியூட்ரானை கடோலினியம் விழுங்கி காமா கதிரை உமிழும்; அது தெரிந்தால் அந்த நிகழ்வைத் தள்ளிவிடுவார்கள்.

செனானைத் தேர்ந்ததற்குக் காரணம், அணுக்கரு கனமாக இருந்தால் மோதும் வாய்ப்பு அணு எண்ணின்படி அல்ல, நிறை எண்ணின் வர்க்கப்படி கூடும் என்பதே. 131-இன் வர்க்கம் 17 ஆயிரத்தைத் தாண்டுகிறது. அதோடு திரவ செனான் அடர்த்தியானது. வெளியிலிருந்து வரும் கதிரை ஓரத்திலேயே நிறுத்திவிடும். ஆகவே நடுப்பகுதியை மட்டும் கணக்கில் எடுப்பார்கள்.

எது கெடுக்கும்? மூன்றைச் சொல்கிறேன். ஆக்ஸிஜன், நீராவி போன்ற அசுத்தங்கள் மேலே ஏறும் எலெக்ட்ரான்களைப் பிடித்து விழுங்கிவிடும். அடியில் நடந்த மோதலின் இரண்டாவது மின்னல் தேய்ந்து, எலெக்ட்ரானை அடித்த நிகழ்வுகூட அணுக்கரு மோதல் போல் தோன்றும். இதைத் தடுக்க செனானை ஆவியாக்கி, சூடான சிர்கோனியம் வழியே இடைவிடாமல் சுற்றவிடுகிறார்கள். அடுத்தது கிரிப்டான்-85. செனானைக் காற்றிலிருந்துதான் பிரிக்கிறோம், கூடவே கிரிப்டானும் வந்துவிடும். லட்சம் கோடியில் ஒரு பங்குக்கும் கீழே அதைக் குறைக்க வேண்டும். ரேடானை இப்படி ஒரே முறையில் கழித்துக்கட்ட முடியாது. தொட்டியின் எஃகும் கம்பிகளும் அதை நாள்தோறும் கசியவிடுகின்றன. அதன் வழிவந்த ஈயம்-214 காமா இல்லாமல் தனி பீட்டாவாகச் சிதையும்போது, கடைசியில் மிஞ்சும் பெரும் பின்னணி (போலி நிகழ்வுகளின் கூட்டம்) அதுவே.

2024-இல் எல்.இசட். 280 நாட்களின் தரவை வெளியிட்டது. 40 ஜி.இ.வி. அருகே குறுக்குப் பரப்பு 2.2 × 10-இன் மைனஸ் 48-ஆம் அடுக்கு சதுர சென்டிமீட்டருக்கு மேல் இல்லை. புரோட்டானின் முகப்புப் பரப்பை எடுத்து, 1-க்குப் பின் 22 பூஜ்யம் போட்ட எண்ணால் வகுங்கள், அவ்வளவு. ‘ஒன்றும் கிடைக்கவில்லை’ என்று செய்தியில் வரும் வரி உண்மையில் இந்த எண்தான், இதில் எத்தனையோ கோட்பாடுகள் விழுந்திருக்கின்றன. இன்னும் கீழே போனால் சூரியனின் போரான்-8 நியூட்ரினோக்கள் அணுக்கருவை உதைப்பது விம்ப் போலவே தெரியத் தொடங்கும். இத்தாலியின் செனான்-என்டி, சீனாவின் பாண்டாஎக்ஸ்-4டி இரண்டும் 2024-இல் அதன் முதல் தடயங்களை அறிவித்தன. நியூட்ரினோ மூடுபனியின் விளிம்புக்கு வந்துவிட்டோம்.

கேள்வி: இத்தாலியில் ஒரு குழு ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டதாகப் படித்தேன். ஏன் யாரும் ஏற்கவில்லை?

பதில்: கிரான் சாஸோ மலைக்கு அடியில் நடந்த டாமா பரிசோதனையைச் சொல்கிறீர்கள். சோடியம் அயோடைடு படிகங்கள், பின்னர் 250 கிலோ வரை. பூமி சூரியனை விநாடிக்கு 30 கி.மீ. வேகத்தில் சுற்றுகிறது, அந்தப் பாதை சாய்ந்திருப்பதால் பால்வீதியைச் சுற்றும் 230 கி.மீ.-உடன் கூடுவதும் கழிவதும் சுமார் 15 கி.மீ. தான். எனவே ஜூன் தொடக்கத்தில் மோதல் சற்று அதிகமாகவும் டிசம்பரில் சற்றுக் குறைவாகவும் இருக்க வேண்டும். டாமாவின் எண்ணிக்கை 1990-களின் இறுதியிலிருந்து சரியாக அப்படித்தான் ஏறி இறங்கியது. புள்ளிவிவரத்தில் சந்தேகமே இல்லை.

சந்தேகம் காரணத்தில்தான். கோடையில் ஏறி இறங்குபவை பல: ரேடான், வெப்பநிலை, மேல் வளிமண்டலம் விரிவதால் கூடும் மியூவான்கள். ஆண்டுதோறும் சராசரியைக் கழித்துப் பார்க்கும் முறைகூட, மெல்ல மாறும் பின்னணியில் பொய்யான அலையை உண்டாக்கக் கூடும். உண்மையைச் சோதிக்க ஒரே வழி, அதே படிகத்தை வேறு இடத்தில் வைத்துப் பார்ப்பது. ஸ்பெயினின் அனாய்ஸ், கொரியாவின் கோசைன் இரண்டும் அதைச் செய்தன. அலை இல்லை.

நாளைக்கே இன்னொரு அறிவிப்பு வந்தால் நான் முதலில் பார்ப்பது, எதிர்பார்த்த பின்னணி எத்தனை, கண்டது எத்தனை என்ற இரு எண்களை. 2020-இல் செனான்-என்டி-யின் முன்னோடியான செனான்1டி 232 எதிர்பார்த்த இடத்தில் 285 நிகழ்வுகளைக் கண்டது. சூரிய ஆக்ஸியான் என்று உலகம் பேசியது. டிரிட்டியம் (கதிரியக்க ஹைட்ரஜன்) மாசாகவும் இருக்கலாம் என்று அந்தக் குழுவே எழுதியிருந்தது. 2022-இல் பின்னணியை ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்த அடுத்த கருவியில் அந்த மிகுதி மறைந்துவிட்டது. தரவைத் திறக்கும் முன்பே ஆய்வு முறையை உறுதிசெய்தார்களா என்றும் பார்க்க வேண்டும். எல்.இசட். குழு தன் தரவில் போலி நிகழ்வுகளை இரகசியமாகக் கலந்து வைத்து, ஆய்வு முடிந்த பிறகே நீக்கியது. ‘உப்புப் போடுதல்’ என்பார்கள். ஆசை முடிவைத் தீர்மானிக்காமல் இருக்க இதைவிட நல்ல காவல் எனக்குத் தெரியாது.

கேள்வி: ஆக்ஸியானைப் பிடிக்க ரேடியோ போன்ற ஒரு கருவி வைத்திருப்பதாகச் சொன்னார்கள். துகளை ரேடியோவில் எப்படிக் கேட்பது?

பதில்: ஆக்ஸியான் பிறந்த கதையிலிருந்து தொடங்குவோம். நியூட்ரானுக்குள் மின்சுமையுள்ள குவார்க்குகள் இருக்கின்றன. அவற்றின் நேர், எதிர்ச் சுமைகள் சற்றாவது விலகியிருக்க வலுவான விசையின் சமன்பாடு இடம் தருகிறது. ஆனால் 2020-இல் வெளியான அளவீட்டின்படி விலகல் 1.8 × 10-இன் மைனஸ் 26-ஆம் அடுக்கு சென்டிமீட்டருக்குள். நியூட்ரானைப் பூமி அளவுக்கு ஊதினால் அந்த விலகல் ஒரு மைக்ரான் அளவே! இது தற்செயலா? 1977-இல் பெக்கெயும் குவினும் இந்த விலகலைத் தானாகவே பூஜ்யத்துக்கு இழுத்துவிடும் ஒரு புலத்தை முன்வைத்தார்கள். அப்படியொரு புலம் இருந்தால் ஒரு துகளும் இருந்தாக வேண்டும் என்று வைன்பெர்க்கும் வில்செக்கும் 1978-இல் காட்டினார்கள். அந்தப் புலத்தின் ஊசலாட்டம் இன்றும் அடங்காமல் நிறைந்திருந்தால், அதுவே கரும்பொருளாக இருக்கலாம்.

1983-இல் சிக்கிவி பிடிக்கும் வழியைச் சொன்னார்: வலுவான காந்தப் புலத்தில் ஆக்ஸியான் ஒரு நுண்ணலை ஃபோட்டானாக மாறும். ஃபோட்டானின் அலைவெண் ஆக்ஸியானின் நிறையைப் பொறுத்தது. 4.14 மைக்ரோ எலெக்ட்ரான்வோல்ட் என்றால் 1 ஜிகாஹெர்ட்ஸ். நிறை தெரியாததால் நிலையம் எங்கே என்று தெரியாத ரேடியோவைத் திருகுவது போல் தேட வேண்டும்.

சியாட்டிலில் இயங்கும் ஏ.டி.எம்.எக்ஸ். கருவியில் செப்புப் பூசிய உருளை ஒன்று, 136 லிட்டர், விட்டம் 42 சென்டிமீட்டர். சுற்றிலும் 7.6 டெஸ்லா காந்தம். உள்ளே இரண்டு செப்புக் கம்பங்கள். அவற்றை நகர்த்தினால் உருளையின் ஒத்ததிர்வு அலைவெண் மாறும். முழுவதும் 0.1 கெல்வின் அளவுக்குக் குளிர்விக்கப்படுகிறது. ஓர் அலைவெண்ணில் நிறுத்தி நூறு விநாடி கேட்பது, கம்பத்தைக் கொஞ்சம் திருப்புவது, மறுபடி நூறு விநாடி.

ஏன் இவ்வளவு பொறுமை? எதிர்பார்க்கும் திறன் 10-இன் மைனஸ் 23-ஆம் அடுக்கு வாட். 800 மெகாஹெர்ட்ஸில் விநாடிக்குச் சுமார் இருபது ஃபோட்டான். சிக்னலின் அகலம் அலைவெண்ணில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, ஏறத்தாழ 1 கிலோஹெர்ட்ஸ். கருவியின் மொத்த இரைச்சல் வெப்பநிலை அரை கெல்வின் என்றால், அந்த அகலத்துக்குள் இரைச்சல் சிக்னலைப் போல் 700 மடங்கு. நேரத்தைக் கூட்டினால் இரைச்சலின் தள்ளாட்டம் நேரத்தின் வர்க்கமூலப்படி குறையும். 1 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் நூறு விநாடி என்றால் 1,000 × 100 = 1 லட்சம்; அதன் வர்க்கமூலம், அதாவது 316 மடங்கு. அதாவது ஒரே முறை கேட்டால் சிக்னல் இரைச்சலின் பாதிகூட எழாது. ஒரே அலைவெண்ணைப் பலமுறை தாண்டிப் போய், எல்லாவற்றையும் அடுக்கிக் கூட்டிய பிறகுதான் தலைகாட்டும்.

கம்பம் சிக்கிக்கொள்வது ஒரு தொல்லை. அதைவிடப் பெரியது, கம்பம் சில நிலைகளில் இருக்கும்போது உருளையின் வேறொரு அதிர்வு முறை குறுக்கே வந்து கலந்துவிடுவது. அந்த அலைவெண்களில் கருவி குருடாகிவிடும், தரவில் இடைவெளி விழும். வெளி ரேடியோ அலை கசிந்து உள்ளே வருவதும் உண்டு. அதைக் கண்டறிவது எளிது: காந்தத்தை இறக்குங்கள். ஆக்ஸியான் சிக்னல் காந்தப் புலத்தின் வர்க்கப்படி தேய வேண்டும்; கசிவு அப்படியே இருக்கும். இந்தக் கருவி 2.7 முதல் 3.3 மைக்ரோ எலெக்ட்ரான்வோல்ட் வரை, மிகப் பலவீனமாக வினைபுரியும் ஆக்ஸியானையும் பிடிக்கும் நுட்பத்தோடு தேடிப்பார்த்துவிட்டது. நிறை பத்து மடங்கானால் உருளை எல்லாப் பக்கமும் பத்தில் ஒன்றாகச் சுருங்க வேண்டும், கொள்ளளவு ஆயிரத்தில் ஒன்றாகிவிடும். மேல் வரம்பில் தேடல் மெதுவாகப் போவதற்குக் காரணம் அதுதான். என் மதிப்பீட்டில், இன்று கைவசம் உள்ள வழிகளிலேயே இது மிக அழகானது. தேடும் பரப்பு பெரியது, ஆனால் ஒருமுறை சிக்கினால் அந்த மாலையே காந்தத்தை மாற்றி உறுதிசெய்துவிடலாம்.

கேள்வி: ஹிக்ஸ் துகளைத் தந்த எல்.எச்.சி. (புரோட்டான்களை மோதவிடும் பெரும் கருவி) இதையும் உண்டாக்கித் தராதா?

பதில்: உண்டாக்கலாம். அங்கே கரும்பொருள் துகள் பிறந்தால் டிடெக்டரில் எதுவும் பதியாமல் வெளியேறிவிடும். மோதும் கற்றைக்குக் குறுக்குவாட்டில் உந்தத்தின் கூட்டுத்தொகை பூஜ்யமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் துகள் பீச்சு, எதிர்ப்பக்கம் வெறுமை என்றால் ஏதோ தப்பிப் போயிருக்கிறது. சிக்கல், நியூட்ரினோவும் அப்படியே தப்பும். வலுவற்ற விசையைக் கடத்தும் இஸட் துகள்களில் ஐந்தில் ஒன்று நியூட்ரினோக்களாகச் சிதைகிறது. செயலிழந்த ஓர் உணர்கட்டம் பீச்சின் ஆற்றலைக் குறைத்துக் காட்டினாலும் பொய்யான ‘வெறுமை’ தோன்றும். இதுவரை மிகுதி எதுவும் இல்லை. ஹிக்ஸ் துகள் கண்ணுக்குத் தெரியாதவையாகச் சிதைவது 11 சதவீதத்துக்கு மேல் இல்லை என்று எல்.எச்.சி.-யின் அட்லஸ் டிடெக்டர் குழு வரம்பு வைத்திருக்கிறது.

அங்கே கிடைத்தாலும் ஒரு குறை இருக்கும். டிடெக்டரைத் தாண்ட துகளுக்குச் சுமார் 40 நானோவிநாடி ஆகும். அதுவரை அது உயிரோடு இருந்தது என்று மட்டுமே எல்.எச்.சி. சொல்ல முடியும். 1,380 கோடி ஆண்டுகள் வாழுமா என்பதைச் செனான் தொட்டியோ வானமோதான் சொல்ல வேண்டும். அதே நிறை இரண்டு இடங்களிலும் வந்தால்தான் பெயர் சூட்டலாம்.

கேள்வி: பள்ளி மாணவி நான். கருவி எதுவும் இல்லாமல் கரும்பொருளை நானே கணக்கிட்டுப் பார்க்க முடியுமா?

பதில்: முடியும். வட்டப் பாதையில் சுற்றும் பொருளுக்குப் பாதைக்குள் அடங்கிய நிறை = வேகத்தின் வர்க்கம் × தூரம் ÷ ஈர்ப்பு மாறிலி. சூரியனின் வேகம் விநாடிக்கு 2,30,000 மீட்டர். பால்வீதியின் மையத்திலிருந்து தூரம் 2.5 × 10-இன் 20-ஆம் அடுக்கு மீட்டர். மாறிலி 6.67 × 10-இன் மைனஸ் 11-ஆம் அடுக்கு. விடை சுமார் 2 × 10-இன் 41-ஆம் அடுக்கு கிலோ. சூரியனின் நிறையான 2 × 10-இன் 30-ஆம் அடுக்கால் வகுத்தால் பத்தாயிரம் கோடி சூரியன்கள். கிலோமீட்டரை மீட்டராக மாற்ற மறந்தால் விடை பத்து லட்சம் மடங்கு குறையும். பலரும் தவறுவது அங்கேதான்.

இனி ஒரு சுழல் கேலக்ஸியில், ஒளி ஏறக்குறைய முடிந்துவிடும் தூரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் போல் மூன்று மடங்கு தூரத்தில் நிறை கூடவே இல்லை என்றால், வேகம் மூன்றின் வர்க்கமூலத்தால் குறைய வேண்டும்: 230 கி.மீ. அங்கே 133 ஆக வேண்டும். பல சுழல் கேலக்ஸிகளில் ஹைட்ரஜன் வாயுவின் வேகத்தை 21 சென்டிமீட்டர் ரேடியோ அலையில் அளந்தால் அது ஏறக்குறைய 230-லேயே நிற்கிறது. அதே சூத்திரத்தில் மறுபடி போடுங்கள். மூன்று மடங்கு நிறை வரும், ஒளி கூடாமலேயே. இதில் விண்மீன், வாயு இரண்டின் நிறையையும் கழித்துவிட்டு மிஞ்சுவதைத் தூரத்துக்கு எதிராக ஒரு வரைபடத்தாளில் புள்ளி வைத்துப் பாருங்கள். கோடு வெளிப்புறம் போகப் போக ஏறிக்கொண்டே இருக்கும்.